எட்டாவது சீசன்

கன்னியாகுமரியில் சீசன் என்றால்
கார்த்திகை முதல் தேதி.
பஸ்ஸை விட்டு இறங்கி
நேரே கடலுக்குள் போகும் கறுப்பு வேட்டிகள்.
தாணுமாலயன் அண்ணாச்சி கடையில்
ஏழு சீசன் நின்றேன்.
சங்கு, சோழிமாலை, பெயர் கீறிய சிப்பி.
பாக்கெட் இருபது ரூபாய்க்கு
கறுப்பு மணல், சிவப்பு மணல், அரிசி மணல்.

எட்டாவது சீசனுக்குத் தெற்கே போகிறேன் என்றேன்.
"நமக்குத் தெக்க என்னதாக்கும் இருக்கு?"
"தண்ணி, அண்ணாச்சி.
அது தீர்ந்த பிறகு ஒரு கடை.
கடைக்குள்ளே ஒரு தபாலாபீஸ்."

கப்பலில் ஏறும் முன்
என் பையைக் கவிழ்த்துப் போட்டு
தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தான் ஒருவன்.
ஒரு பொடி, ஒரு விதை
அந்தக் கரைக்குப் போகக் கூடாதாம்.
இடுக்கியால் எடுத்துக் காட்டினான்:
ஏழு சீசனின் கறுப்பு மணல், ஒன்பது துகள்.
இது என்ன என்றான்.
சரக்கு என்றேன்.

நான்கு பெண்கள், ஒரே அறை.
குழாய் கிடையாது.
கப்பல்காரர்கள் கூப்பிட்டால் குளியல்,
இல்லையென்றால் இல்லை.
படியில், ஜன்னலடியில், கொடிமரத்தைச் சுற்றி
பென்குயின்கள். அவற்றின் எச்சம்.
மற்ற மூவரும் துணியால் மூக்கைக் கட்டினார்கள்.
நான் முட்டத்துக்காரி.
நெத்திலி காயும் மணல் வழியே
பள்ளிக்கூடம் போனவள்.

கப்பல் வந்துவிட்டால் முத்திரை, முத்திரை.
ஒரே நாளில் ஆயிரத்து நானூறு அட்டை.
வலது தோள் இட்லிபோல் வீங்கியது.
படிக்கக் கூடாதுதான்.
குத்தும்போது கண்ணில் படுகிறதே.
வார்த்தையே வரவில்லை என்று
நான்கு வரி எழுதியிருப்பார்கள் எல்லோரும்.
ஒருத்தி மட்டும்
விலாசத்தை எழுதிவிட்டு
மீதியை வெள்ளையாக விட்டிருந்தாள்.
மறந்துவிட்டீர்களா என்றேன். இல்லை என்றாள்.
அந்த ஒன்றை மட்டும்
மையை ஒற்றியெடுத்து, நேராக வைத்துக் குத்தினேன்.

எங்கள் ஊரில் கேட்கும் கேள்வியை
அங்கேயும் கேட்டார்கள்:
சூரியன் எத்தனை மணிக்கு மறையும்?
ஜனவரி கடைசியில் என்றேன்.

கடை மூடிய பிறகு கூடுகளை எண்ண வேண்டும்.
கூடு, முட்டை, குஞ்சு,
கடற்பருந்து கொண்டுபோனது,
நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.
ஒன்று கல் பொறுக்கி வந்து கூட்டில் வைக்கும்,
அடுத்த கல்லுக்குப் போகும்.
பக்கத்து வீட்டுக்காரி நைசாக எடுத்து
தன் கூட்டில் வைத்துக்கொண்டு
வானத்தைப் பார்ப்பாள்.
கல்லுக்குக் கட்டம் இல்லை.
பெருவிரல் அளவு கல் ஒன்று
என் பூட்ஸுக்கு முன்னால் கிடந்தது ஒரு நாள்.
நமக்குத்தான் கொண்டு வைத்ததோ,
வழியில் நழுவியதோ.
குனியவில்லை.
குனிந்தால் கை சும்மா இராது,
விலை போட்டுப் பழகிய கை.

பங்குனியில் திரும்பிவிட்டேன்.
நான் போட்ட அட்டை ஆடியில்தான் வந்தது.
ஆடிக் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு
தபால்காரர் வின்சென்று கொண்டு வந்தார்.
எங்கேயோ நனைந்து, எங்கேயோ காய்ந்து,
மூன்று வரி கரைந்து போயிருந்தது.
முத்திரை மட்டும் தெளிவு, கொஞ்சம் சாய்வு.
தோள் வலித்த நாளாக இருக்கும்.

மிச்சமிருந்த வரியை
அண்ணாச்சி எழுத்துக் கூட்டி வாசித்தார்:
"இங்கே மணல் இல்லை."
"மணல் இல்லேன்னா பின்ன
என்னத்த மக்ளே விக்கியான்?"
"இதைத்தான்" என்றேன்.

திருப்பிப் பார்த்தார். பென்குயின்.
இருபது ரூபாய் வரிசையில் செருகினார்.
ஒரு சாயா குடித்துவிட்டு வந்து
உருவி எடுத்து
கல்லாப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

நான் வாசலில் நின்று
செருப்பின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் விடவில்லை அந்தப் பழக்கம்.
துடைக்கத் துடைக்க மணல்.