ஞான்குபில் என்றொரு கோப்புறை

நாற்பத்தோராம் நிமிடத்தில் சாகிறது மென்பொருள்.
சாகிறதென்றால் சத்தமில்லை, புகையில்லை.
‘இரைச்சல் நீக்கு’ என்பதை அழுத்துகிறாள்,
நீலக்கோடு பாதிவரை ஊர்கிறது,
பிறகு திரையில் வெறும் நண்டுப்படகு,
போன வருடம் அவளே எடுத்து ஒட்டிய படம்.
அதன்மேல் ஒரு மன்னிப்பு:
எதிர்பாராமல் நின்றுவிட்டது.
பதினேழு தடவை நின்ற பிறகும்
இதில் என்னடா எதிர்பாராதது
என்கிறாள் யாஸ்னா வுகசோவிச்.

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்.
பத்து மணிக்குத்தான் விடியும்.
ஒன்பதுக்கே நீரிணையின் அக்கரைக்குப் படகு.
பொர்வெனிர் தீயணைப்புக் கூடத்தில்
அறுபது மடக்கு நாற்காலி போட்டாயிற்று.
படத்தில் இன்னும் காற்றுதான் பேசுகிறது,
ஆட்கள் வாயசைக்கிறார்கள்.

தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தாள்.
டிரைவரை மாற்றினாள்.
ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுச் செருகினாள்,
அதனால் ஆவதொன்றுமில்லை என்று தெரிந்தே.
ரன்காகுவாவிலிருந்து மிர்கோ
கொட்டாவியின் நடுவே சொன்னான்:
அழிச்சிட்டு மறுபடி போடு.
அவளுடைய முதல் கல்யாணத்துக்கும்
அவன் சொன்ன யோசனை அதுதான்.
அழித்தாள். போட்டாள்.
நாற்பத்தொன்று.

அப்புறம் பாதி பாதியாகப் பிரித்தாள்.
மொத்தம் தொண்ணூற்றாறு துண்டு.
முன்பாதியை அணைத்தால் விழுகிறது,
பின்பாதியை அணைத்தால் ஓடுகிறது.
இருபத்துநாலு, பன்னிரண்டு, ஆறு,
பேன்சீப்பின் பொறுமையோடு
மூன்று மணி பத்துக்கு
ஒற்றைத் துண்டில் வந்து நின்றாள்.

எலியோதோரோ ஞான்குபில்
படகு மேல்தளத்தில் நண்டுக்காலை முறித்தபடி
எதையோ சொல்கிறார்.
நூறுமுறை வெட்டி ஒட்டிய துண்டு,
அலைவடிவத்தைப் பார்த்தே வெட்டியிருக்கிறாள்.
இப்போதுதான் காது கொடுக்கிறாள்.
காற்றுக்கு அடியிலிருந்து அந்த மனிதர்:
“லைசென்ஸ்ல என் பேரோட முதலெழுத்துக்கு
வருஷா வருஷம் தொப்பியக் கழட்டிடறாங்க.
நானும் வருஷா வருஷம்
அவங்க பேனாவையே வாங்கி
மாட்டிட்டு வர்றேன்.”

நாமாக இருந்தால் ஞ என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.
அவர்களுக்கு அது
ந-வின் தலையில் ஒரு சிற்றலை.
(நமக்கும் ஒருகாலத்தில் நண்டு, ஞண்டுதான்.
எந்த அலுவலகத்தில் கழற்றினார்களோ,
நாம் பேனா கேட்கவில்லை.)

கோப்புறையின் பெயரைப் பார்த்தாள்.
அலையோடு, கவனமாக,
அவளே தட்டச்சு செய்தது.
படம் காட்டும் பகுதிக்கு அது படிக்கத் தெரிகிறது.
ஒலி கேட்கும் பகுதிக்கும் தெரிகிறது.
இரைச்சல் நீக்கும் அந்த ஒரு சின்ன நிரலுக்கு மட்டும்
பழைய துறைமுக குமாஸ்தாவின் புத்தி.
எழுத்தில் தடுக்கி விழுந்து
வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறது.

மாற்றினால் முடிந்தது.
கர்சர் அந்த எழுத்தின் மேல் துடித்துக்கொண்டிருந்தது.
நாலுமணிப் படகுக்குக் கிளம்பியிருப்பார் என்று
அழைத்தாள். எடுத்தார்.
விஷயத்தைச் சொன்னாள்.
இன்ஜின் சத்தத்துக்கு மேலே சிரித்தார்.
“பெட்டிக்கு என்ன பேர் வேணாலும் வை.
பன்னிரண்டுன்னு வை. உருளைக்கிழங்குன்னு வை.
என் பேர்ல மட்டும் கை வைக்காதே.”

உருளைக்கிழங்கு என்று வைத்தாள்.
நீலக்கோடு நாற்பத்தொன்றைத் தாண்டியது,
ஒன்றுமே நடவாததுபோல.
காற்று போய்விட்டது.
போனதும் ஞான்குபில்
குளியலறையில் நின்று பேசுவதுபோல் இருந்தார்.
முப்பது சதவீதம் காற்றைத் திருப்பி விட்டாள்.

கடைசி வேலை, பெயர் வரிசை.
வெள்ளை எழுத்துகள் கருப்பில் மேலேறின:
படகு, வலை, சமையல், நன்றி.
அவர் பெயர் வந்தது.
முதலெழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு காலிச் சதுரம்.

மணி ஐந்தே முக்கால்.
தேநீரைச் சுடவைத்துக்கொண்டு
வேறு எழுத்துரு தேடத் தொடங்கினாள்.