யானைமுட்டி

குடமுருட்டி மதகில்
லஸ்கர் வேலை எனக்கு.
அளவுப் பலகையில் எழுத்து அழிந்து
எத்தனையோ வெள்ளம் போய்விட்டது.

மருதமரம்தான் கணக்கு.
ஆறு பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரம்,
ஆற்றுக்குள் கால் நீட்டிய வேர்கள்.
ஆமைமுதுகு நனைந்தால் மூன்றடி.
யானைமுட்டி முங்கினால்
நடுராத்திரியானாலும் ஷட்டரை ஏற்றியாக வேண்டும்.
ஆபீசுக்கு மட்டும்
அடியாக மாற்றிச் சொல்வேன்.

இந்த ஆடிப் பதினெட்டுக்கு
பம்புசெட்டுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து
கும்பிட்டுப் போனார்கள்.

மணலில் இறங்கி நடந்தேன்.
ஆமைமுதுகுக்கும் கீழே
இதுவரை பார்க்காத ஒரு வேர்,
என் தொடையைவிடப் பருமன்,
கரையை விட்டு
நடு ஆற்றுக்குப் போகிறது.

ஜே.இ. போன் பண்ணினார்:
"வீரையன், எவ்வளவு நிற்குது?"

அதற்கு நான்
இன்னும் பெயர் வைக்கவில்லை.