நாலு மாச மணிக்கட்டு

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை,
நூல் விலை ஏறிய அன்றைக்கு,
கார்வேந்தனை ஈரோட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பனியன் கம்பெனி ஏசி ரூமில்
துண்டு இல்லை,
துண்டுக்கடியில் விரல் பிடிக்கும் தரகர் இல்லை.
ஒரே மெயிலில் முடிந்தது.
அக்கட்டாலிருந்து ரெண்டு பையன்கள்
(ஒருத்தனுக்கு முட்டி சரியில்லை),
அப்புறம் முதலாளிக்கு மட்டும் தெரிந்த ஒரு தொகை.
அவனிடம் சொன்னது மேனேஜர் இல்லை,
கேன்டீனில் டீ ஊற்றும் வஞ்சியக்கா:
"ஏனுங் தம்பி, போறீங்களாமா?"
டம்ளரைப் பாதியில் வைத்தான்.
அந்தப் பாதி டீ
பொழுது சாயும்வரை ஆடை கட்டிக் கிடந்தது.

ஈரோட்டுக்காரர்கள் வாங்கியது நாலே மாசம்.
மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் தீர்கிறது.
மஞ்சளென்றால் குடோனில் போட்டுவிட்டு
விலை வரட்டும் என்று காத்திருக்கலாம்.
ஒரு வலது மணிக்கட்டை எங்கே அடுக்கிவைப்பது?
ஏப்ரல் ஒன்று விடியும்போது
அவன் யாருடைய ஆளும் இல்லை.
பேப்பரில் அதைச் சுதந்திரம் என்று எழுதியிருந்தார்கள்.

அவிநாசி ரோட்டு பேக்கரியில்
தேங்காய் பன்னைப் பிய்த்தபடியே
அவனை ஊர் ஊராக விற்றார்கள்.
சேலம் இருபத்தஞ்சு லட்சம் தருமாம்.
பெங்களூர்க்காரன் காரில் வந்து பார்த்துவிட்டுப் போனானாம்.
"நம்மளுக்கே திரும்பி வந்துருவானுங்க"
என்றார் கல்லாவில் இருந்தவர்,
கொடுத்த கடன் மாதிரி.

எனக்குப் போன் செய்தபோது அவன் கேட்டது
லாக்கரில் விட்டுப்போன இடதுகால் ஷின்கார்டை.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு,
"பாப்பாவுக்கு எல்கேஜி ஃபாரம் குடுக்கறாங்கடா.
டிசம்பருக்குள்ள பணம் கட்டோணும்.
எந்த ஊர்ல கட்டறது?"

நான் கோல்கீப்பர்.
ஆட்டத்தில் ஆறு வருசம் அவன் முதுகைப் பார்த்தவன்,
பயிற்சியில் ஆறு வருசம் அவன் முகத்தை.
என் இடப்பக்கம் அடிப்பதென்றால்
ஸ்டிக்கைப் பந்துக்குக் கொண்டுபோகுமுன்
சட்டைக் காலரைக் கடிப்பான்.
அது அவனுக்கே தெரியுமோ தெரியாதோ.
தை மாசம் ஈரோட்டில் ஆட வேண்டி வந்தபோது
கோச் என்னை ஓரமாகக் கூப்பிட்டு,
"உனக்குத்தானே தெரியும்" என்றார்.
"ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றேன்.

தண்ணீர் தெளித்த டர்ஃப்.
விளக்கு வெளிச்சத்தில் பனி புகை போல இறங்கியது.
ரெண்டுக்கு ஒன்று, நாங்கள் மேலே;
நாலு நிமிடம் பாக்கி.
பெனால்டி கார்னர்.
மூன்றாவது வரிசையில் நோட்டுடன் ஒரு ஆள்,
ஊருக்குப் புதுசு.

அவன் காலரைக் கடித்தான்.

யோசித்திருந்தால் நின்ற இடத்திலேயே நின்றிருப்பேன்.
உடம்புக்கு யோசனை இல்லை, விழுந்துவிட்டது.
பந்து இடக்கையில் பட்டு வெளியே போனது.
சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
எழுந்தபோது
அந்த ஆள் நோட்டில் எதையோ எழுதி
மூடிக்கொண்டிருந்தான்.
அந்த ஒரு கையால்
எவ்வளவு குறைத்தேன் அவனை?
ரெண்டு லட்சமா, மூணா?

வெளியே, ஷின்கார்டைக் கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தேன்.
"காலரா?" என்றான்.
"ஆமா."
"ஏப்ரலுக்குள்ள மாத்திக்கறேன்" என்று சிரித்தான்.
"பாப்பாவுக்கு?"
"ரெண்டு ஊர்லயும் கட்டியாச்சுடா."
மூணாவது ஊராக இருந்தால் என்று
நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
அவனுடைய பஸ்ஸில் ஹாரன் அடித்தார்கள்.

ஊத்துக்குளி வந்தபோதுதான் ஞாபகம் வந்தது.
என் தாளும் அதே தேதிதான்,
மார்ச் முப்பத்தொன்று.
எந்த பேக்கரியிலும் யாரும் அதைப் பேசவில்லை.
குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை
இடக்கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டேன்.
முன்சீட்டில் முட்டி சரியில்லாத பையன்
காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.