அறுபத்துநாலு

இதுதான் கடைசி அழைப்பு என்றது கடிதம்.
முன்பு வந்த நாலும்
காஸ் பில்லுக்கு அடியில் கிடக்கின்றன,
உறை கிழியாமல்.

மிட்சம் கிளினிக்கில் நர்ஸ் அபிம்போலா
"காலுறை கழற்ற வேண்டாம்" என்றாள்.
அன்றைக்கு மிஞ்சிய மானம் அது ஒன்றுதான்.
இருந்ததில் சின்னக் கருவியாய்ப் பார்த்தெடுத்தாள்.
இந்த வயதில் அங்கே வறண்டுபோகும் என்று
மழை வராததைச் சொல்வதுபோல் சொன்னாள்.
கூரையில் ஓர் ஈரக்கறை, இட்லி மாதிரி.

பன்னிரண்டாம் நாள் பதில்:
வைரஸ் இருக்கிறது.
செல்களில் மாற்றமில்லை.
ஒரு வருசத்தில் திரும்ப வாருங்கள்.

அவர் போய்ப் பதினொரு வருசம்.
இப்போது எப்படி என்று போனில் கேட்டேன்.
முப்பது வருசம்கூட உறங்கிக் கிடக்குமாம்,
யாரிடமிருந்து என்று
எவராலும் சொல்ல முடியாதாம்.

மாலை போட்ட படத்துக்கு முன் நின்று
வழக்கைத் தொடங்கினேன்.
கப்பல் வேலை, கொழும்பு, பிந்தி வந்த இரவுகள்.
பாதியில் நாக்கு நின்றது.

அவருக்கு முன்னால் ஒருவன் இருந்தான்.
சைக்கிள் கண்ணாடியில் தலை சீவுவான்.

படத்தின் தூசியை மட்டும் துடைத்தேன்.

புதுக் காலண்டர்
மருமகள் கண்ணில் படும் இடத்தில் தொங்குகிறது.
மார்ச் பதினெட்டில்
"பல்" என்று எழுதிவைத்தேன்.