செவ்வாய்க்கிழமைக் கை

"கை நடுக்கத்தை நிரலாக எழுத முடியுமா?"
என்று திரு. ஆம்ஸ்டுட்ஸ் கேட்டபோது
ஜன்னலுக்கு வெளியே ஜூரா மலை
முழுசாக மூடிக்கொண்டிருந்தது.
முடியும் என்றேன்.
முடியாது என்று சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

ஐந்து அச்சு இயந்திரத்துக்கு
வெட்டச் சொல்லித் தருபவன் நான்.
அது பித்தளையில் பாலங்கள் வெட்டும்,
கைக்கடிகாரத்துக்குள் போகிற பாலங்கள்.
கீழே ஆறு இல்லை, சக்கரங்கள்.
மேலே யாரும் நடப்பதில்லை.
நான்கு நிமிடத்துக்கு ஒன்று.
இரண்டு மைக்ரான் பிசகினால்
தன்னைத் தானே திட்டிக்கொண்டு
சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளும்.

பிறகு பாலம் மாடிக்குப் போகும்.
மாடியில் ஜிஸ்லேன்,
ஒரு கண்ணில் லென்ஸ், கையில் அரம்.
ஒரு பாலத்துக்கு ஒன்றரை நாள்.
என் இயந்திரம் விட்டுப்போன வரிகளை
ஒவ்வொன்றாய் அராவித் தள்ளுவாள்,
இந்தப் பக்கம் எந்த இயந்திரமும் வரவில்லை என்று
பித்தளை சத்தியம் செய்யும்வரை.
விலைப்புத்தகத்தில் 'கையால் ஆனது' என்று போடுவார்கள்.
பொய் இல்லை.
என்னை அழிக்கும் கை அது.

ஆறு வாரம் அவள் மணிக்கட்டில்
உணர்கருவி ஒட்டி வைத்தோம்.
(அந்த மணிக்கட்டு மணி காட்டும் எதையும்
எப்போதும் கட்டியதில்லை.)
திரையில் கோடுகள் வந்தன.
திங்கள்: எல்லையில் ஒரு மணி நேரம் கார் நின்றிருக்கிறது,
அழுத்தம் அதிகம்.
புதன்: பிரான்சில் பள்ளி இல்லை,
மகனிடமிருந்து போன் வரும், வரும், வரும்.
வெள்ளிக்கு அவசரம்.
செவ்வாய் மட்டும்
காற்றில்லாத ஏரிபோல் ஒரு சின்ன அலை.

"செவ்வாயை எழுது" என்றார் ஆம்ஸ்டுட்ஸ்.
"திங்கட்கிழமைக்கு என்ன குறை?" என்றாள் ஜிஸ்லேன்.
யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

எழுதினேன். வெட்டியது.
இரண்டு பாலங்களை வெல்வெட்டில் வைத்து
தரம் பார்க்கும் மூவரைக் கூப்பிட்டோம்.
மூவரும் இயந்திரத்தினுடையதைத் தொட்டு
"இது கை" என்றார்கள்.
அவளும் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
அதையே எடுத்தாள்.
"என்னுடையதுதான்.
அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பேன்."

எனக்கு வெற்றி மாதிரி இருக்கவில்லை.
பிறர் வீட்டுச் சாவி
என் பூட்டைத் திறந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் வெளிச்சத்தில் சாய்த்தாள்.
சிரித்தாள்.
இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலை.
அவள் பாலத்தில் அது கத்தி மடிப்பு.
என்னுடையதில் ஒரு நகக்கண் வளைவு.
சுழல்கிற எதுவும் மூலைக்குள் நுழையாது.
வட்டமாய்க் கூட்டுகிற துடைப்பம்
மூலைத் தூசியை விட்டுவிடுவதைப்போல்.
முதல் நாளே எனக்கு இது தெரியும்.
ஆம்ஸ்டுட்ஸ் கேட்கவில்லை.
நான் சொல்லவில்லை.

இப்போது ஏற்பாடு இப்படி:
செவ்வாய்க்கிழமையை இயந்திரம் வெட்டும்,
வாரத்தில் ஐந்து நாளும்.
மூலைகள் மட்டும் மாடிக்குப் போகும்.
ஒரு நாளைக்கு நான்கு பாலம்.
சம்பளம் பழையதே. விலைப்புத்தக வரியும் பழையதே.
கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் காய்ந்து நிற்கும்
ஜென்ஷியன் தண்டை ஒடித்து வந்து,
சீவி, வைரப்பசை தொட்டு
மூலையைத் துலக்குகிறாள்.
அதே செடியின் வேரைக் காய்ச்சி
உணவறையில் குடிக்கக் கொடுக்கிறார்கள். கசப்பு.
அவள் இரண்டாவது கோப்பை கேட்பாள்.

பேருந்தைத் தவறவிட்ட மாலைகளில்
அவள் காரில் ஏறிக்கொள்வேன்.
எல்லை வரிசை, சிவப்பு விளக்குகள், வைப்பரில் பனி.
முகப்பில் மணி ஆறு நாற்பது.
உண்மையில் ஐந்து நாற்பது.
அக்டோபரில் திருப்பி வைத்திருக்க வேண்டியது.

"மாற்றித் தரட்டுமா? ஒரு பொத்தான்தான்."

"விடு" என்றாள், கியரை மாற்றி.
"மார்ச்சில் அதுவாகச் சரியாகிவிடும்."