ரேடார்க்காரி

காலை ஒன்பதரைக்கு லாரி வரும்.
செர்ரோ நேக்ரோவின் அடிவாரத்தில் குடையை ஊன்றி
துப்பாக்கியைத் துணியால் துடைத்து வைத்திருப்பேன்.
சுடாத துப்பாக்கி.
வருகிறவரின் வேகத்தை மட்டும் சொல்லும்.

ஆரஞ்சு நிற முழு உடுப்பு, கண்ணாடி,
முதுகில் ஆளுக்கொரு பலகை,
அடியில் தகடு அடித்தது.
ஒரு மணி நேரம் எறும்பாய் ஏறுகிறார்கள்,
ஒரு நிமிடத்தில் இறங்குவதற்கு.
நேபாளத்தில் குதித்தாயிற்று, நியூசிலாந்தில் தொங்கியாயிற்று,
எரிமலை மட்டும் பாக்கி என்பார்கள்,
நேர்த்திக்கடன் மிச்சம் வைத்தவர்கள் மாதிரி.
உச்சியில் கந்தகப் புகை.
வில்மோர் அங்கே சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம்:
குதிகாலை ஊன்றாதே, தட்டு.
பின்னால் சாய்ந்தால் வேகம்.
வாயை மூடு.
வாயை மூடத்தான் ஒருவருக்கும் வருவதில்லை.

கரிச் சரிவில் ஒரு புள்ளி,
அதன் பின்னால் புழுதி வால்,
தகரக் கூரையில் கல்மழை பெய்கிற சத்தம்.
விசையை அழுத்துகிறேன்.
அறுபத்திரண்டு! நாற்பத்தேழு!
கீழே வந்து உருண்டவள் எழுந்து
முழங்கை ரத்தத்தைப் பார்க்கவில்லை,
பல்லில் ஒட்டிய கறுப்பு மணலோடு கேட்கிறாள்:
எவ்வளவு?

சந்தையில் வெங்காயம் விற்ற காலத்தில்கூட
இத்தனை பேர் என்னிடம் கேட்டதில்லை.

போன செவ்வாய் பேட்டரி செத்துவிட்டது.
அந்த நேரம் பார்த்து வந்தான் யெல்மர்,
ஹாலந்துக்காரன், மலையே இல்லாத ஊர்.
பாதியில் பலகை தனியே அவன் தனியே,
பிறகு எப்படியோ மறுபடி பலகைமேல் அவன்.
நொண்டிக்கொண்டே வந்தான். எவ்வளவு?
திரையில் ஒன்றுமில்லை.
எண்பத்தொன்று என்றேன்.
மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டான்,
அம்மாவுக்குப் போன் போட்டான்,
எனக்கொரு பீர் வாங்கித் தந்தான்.
குற்ற உணர்வு வருமா என்று பார்த்தேன்.
ஏப்பம்தான் வந்தது.

நிஜமான பயம் வேண்டுமென்றால்
திரும்பும்போது எவெனோருக்குப் பக்கத்து சீட்டில் உட்காரட்டும்.
பிரேக்கை மூன்று தரம் மிதித்தால்
மாட்டுக்கு முன்னால் நிற்கும் அந்த லாரி,
சில நாள் மாட்டைத் தாண்டி.

நீ ஏன் சறுக்குவதில்லை யாஹோஸ்கா?
சிரித்து மழுப்புவேன்.
எனக்கு ஏழு வயதில் இந்த மலை
லெயோன் முழுக்கச் சாம்பல் கொட்டியது.
பகலில் விளக்கேற்றினோம்.
பக்கத்து வீட்டு லஸாரோ
கூரைமேல் ஏறி வாரிக்கொண்டிருந்தார்.
கூரை அவரோடு உள்ளே போயிற்று.
அது என்ன வேகம் என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு
புதுப் பேட்டரியைச் சோதித்துப் பார்க்கிறேன்.
ஓடுகிற நாய்: பத்தொன்பது.
புதருக்கு ஒதுங்கப் போகும் எவெனோர்: ஆறு.
பிறகு துப்பாக்கியை மெல்ல உயர்த்தி
மலையின் வாய்க்கு நேரே பிடிக்கிறேன்.
பூஜ்யம்.
மறுபடி அழுத்துகிறேன்.
பூஜ்யம்.
லாரி ஹாரன் அடிக்கிறது.
இரு, இன்னும் ஒரு தரம்.