திருடியின் சந்தை

எங்கள் ஊரில் அந்தச் சந்தைக்குப் பெயரே
திருடியின் சந்தை.
செவ்வாயும் சனியும் கூடும்.
எந்தத் திருடி, எதைத் திருடினாள் என்று
லிஸ்பனில் யாரும் கேட்பதில்லை.
விலையை மட்டும் கேட்பார்கள்.

லுசிண்டா போனபோது
சமையலறையையும் கொண்டுபோனாள்.
நியாயம்தான், எல்லாம் அவள் வாங்கியவை.
மிஞ்சியது ஒரு முட்கரண்டி,
வெள்ளைச் சுவர்,
ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில்
நீள்சதுரமாய்க் கொஞ்சம் தூசி.

முதலில் சுவருக்கு மஞ்சள் அடித்தேன்.
கடை அட்டையில் அது எலுமிச்சை.
சுவரில் முட்டைக்கரு.
சரி, முட்டைக்கருவோடும் வாழலாம்.
கதவுக்கு நீலம்.
மிச்ச நீலம் நாற்காலிக்கு;
மூன்றாவது காலோடு தீர்ந்துபோனது.
நான்காவதைச் சிவப்பாக்கினேன்.
வருகிறவர்கள் அதைத் திட்டம் என்று நினைக்கிறார்கள்.

பிறகு சனிக்கிழமைகள்.
ஓடாத கைக்கடிகாரம் இரண்டு கட்டிய அபீலியுவிடம்
உடைந்த சுவர்ச்சித்திரங்களின் ஓடுகளை
ஒவ்வொன்றாய் வாங்கினேன்:
ஒரு குதிரையின் பின்னங்கால்,
பாதிப் பாய்மரம்,
யாரோ ஒரு புனிதரின் காதுமடல்.
அடுப்புக்கு மேலே பதித்தேன்.
குதிரை எங்கே என்று கேட்டால்
ஓடிவிட்டது என்பேன்.

எடைக்கல் இல்லாத தராசு.
மூடி இல்லாத பானை, வேறெதற்கோ செய்த மூடி;
இரண்டும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்கின்றன.

அப்புறம் அந்த ஜாடி.
முட்டைக்கோஸ் போல இலை இலையாய்ப் பச்சை,
வாயோரம் நகத்தளவு சில்லு பெயர்ந்தது.
பன்னிரண்டு யூரோ.

நேற்று மேல்மாடி டோனா எர்மெலிந்தா
கொத்தமல்லி கேட்டு வந்தார்.
சுவரைப் பார்த்து "காமாலை" என்றார்.
ஜாடியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.
எடுத்தார். கவிழ்த்து அடியைப் பார்த்தார்.
சில்லு போன இடத்துக்குக் கட்டைவிரல்
தானாகப் போனது,
வழி தெரிந்த விரல்.

"எவ்வளவு?"
"பன்னிரண்டு."
"ஏமாளி. நான் இரண்டுக்குக் கொடுத்தேன்.
வாடகை ஏறிய மாதம்."

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
"பன்னிரண்டு யூரோ ஜாடி வைக்கிற வீடா என்னுடையது?"
கொத்தமல்லியில் பாதியை அதில் செருகி
தண்ணீர் ஊற்றினார்.
ஜன்னலின் இடது ஓரத்தில் இருந்ததை
வலப்பக்கம் ஒரு சாண் நகர்த்தினார்.
"இங்கேதான் நிற்கும்."
மீதிக் கொத்தோடு மாடியேறிவிட்டார்.

அவர் ஜன்னல் என் ஜன்னலுக்கு நேர் மேலே.
இன்று பத்து மணிக்குப் பார்த்தேன்,
வெயில் அந்த ஒரு சாணில்தான்
வந்து விழுந்தது.